பாசியைப் பாருங்க

மடம் என்றதும் கோபுரம், யானை, பல்லக்கு என்று மனசை ஓடவிட வேண்டாம். இது மலை உச்சிக்குக் கொஞ்சம் கீழே தகரக் கூரை போட்ட நாலு அறை. ஒரு மாடு, ஒரு கல்தொட்டி. மேலே பாறையிலிருந்து அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். மழைக்காலத்திலும் அதே நூல்தான், கோடையிலும் அதே நூல்தான். தொட்டி நிறைந்து வழிவது கீழே பள்ளத்தில் உள்ள பன்னிரண்டு வீட்டுக்குப் போகும். அவர்களுக்கும் வேறு தண்ணீர் கிடையாது.

மடத்துக்குத் தலைவி உலகம்மை. வயது நாற்பத்தொன்று. காவி கட்டுவதற்கு முன்னால் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர். பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் உடனே பதில் வரும் என்று நம்பி வருகிறவர்கள் பாதிப் பேர் மறுநாளே மூட்டையைக் கட்டிவிடுவார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இருளப்பன் மூட்டையைக் கட்டுகிற ஆள் இல்லை. வயது ஐம்பத்தெட்டு. குருவைவிடப் பதினேழு வயது மூத்த சீடன். மடத்துக்கு வருகிறவர்கள் வாழைப்பழம் கொண்டு வருவார்கள், இவர் மண்வெட்டியும் கடப்பாரையும் தூக்கிக்கொண்டு மலையேறி வந்தார்.

"இதெல்லாம் எதுக்கு?" என்று உலகம்மை கேட்டார்.

"கையை விட்டு இறங்க மாட்டேங்குது அம்மா. முப்பத்தஞ்சு வருஷம் எங்க ஊர்க் கண்மாய்க்கு நான்தான் நீர்ப்பாய்ச்சி."

கண்மாய்த் தண்ணீரை வயல் வயலாகப் பிரித்து விடுகிறவர் நீர்ப்பாய்ச்சி. மடையைத் திறப்பது, அடைப்பது, பாசி அள்ளுவது, தூர் வாருவது எல்லாம் அவர் பொறுப்பு. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குள் முங்கி அடைப்பை எடுப்பதும் அவர்தான்.

"என்ன வேணும்?"

"மனசைத் தூர் வாரணும்."

"அதுல என்ன கிடக்கு?"

இருளப்பன் மண்வெட்டிக் காம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் கிடக்கு அம்மா. ஒரே ஒரு நாள். மடையில வேலம்பாசி வந்து அடைச்சுக்கிச்சு. தண்ணி கரைக்குச் சரியா நிக்குது. முங்க வேண்டியவன் நான். எனக்குக் கை நடுங்கிச்சு. காய்ச்சல்னு சொல்லிப் போர்த்திப் படுத்துக்கிட்டேன். காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. தம்பி காத்தமுத்து, 'நீ படுண்ணே, நான் பார்த்துக்கிறேன்'னு போனான்."

"ம்."

"பாசி காலைச் சுத்திக்கிச்சு. அவன் மேலே வரலை."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு. அந்த ஒரு நாளை வாரி வெளியே போட்டுட்டா மிச்ச நாளை எல்லாம் சாமிக்குக் கொடுத்திருவேன். அதுக்கு வழி சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் இந்த மலையை விட்டு இறங்கப்போறதில்லை."

உலகம்மை வழி சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையைக் காட்டினார்.

இருளப்பன் தங்கினார். விறகு பிளந்தார், மாட்டைக் குளிப்பாட்டினார். தினமும் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்டார். அலுக்கவில்லை. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச அந்த மடத்து மாட்டால் மட்டும்தான் முடியும்.

தை மாசக் கடைசியில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு அடுப்பில் விழுந்து தீக்காயம் என்று உலகம்மையைக் கூப்பிட ஆள் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். இருளப்பன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நான் திரும்பி வர மூணு வாரம் ஆகும்" என்றார் உலகம்மை.

"அதுக்குள்ள நான் என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போங்க அம்மா."

உலகம்மை மேலே கையைக் காட்டினார். "பாறைக்கு அந்தப் பக்கம் பஞ்சுப்பள்ளம் இருக்கு. அங்கே பாசி இருக்கு. அதைப் பாருங்க."

"பாசியையா?"

"பாசியைத்தான்."

அவர் போய்விட்டார்.

நம் பேச்சில் இந்தப் 'பார்' என்கிற சொல் ஒரு வம்பு. நிலாவைப் பார் என்றால் நிமிர்ந்து பார்க்கிறோம். அடுப்பைப் பார் என்றால் ஓடிப்போய் விறகைத் தள்ளுகிறோம். உலகம்மை சொன்னது எந்தப் பார் என்று இருளப்பன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பாசியைப் பார்ப்பது என்றால் முப்பத்தைந்து வருஷமாக அவருக்கு ஒரே அர்த்தம்தான். அள்ளிக் கரையில் போடுவது.

மறுநாள் மண்வெட்டி, கடப்பாரையோடு மேலே ஏறினார்.

பஞ்சுப்பள்ளம் முழுக்கப் பாசி. நம் ஊர்ச் சுவரில் வழுக்குகிற பாசி இல்லை, குளத்தில் மிதக்கிற பாசியும் இல்லை. முழங்கால் கனத்துக்கு மெத்தை விரித்த மாதிரி கிடந்தது. பச்சை, நடுவில் மஞ்சள், அங்கங்கே சிவப்பு. கால் வைத்தால் பத்தடி தள்ளி நிற்கிற செடி ஆடியது. மிதித்த இடத்தில் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் எழும்பி, காலை எடுத்ததும் உள்ளே போய்விட்டது. மடத்தைப் பார்த்த பக்கம் ஆள் உயரப் பாறைச் சுவர். அதன் இடுக்கிலிருந்துதான் அந்த நூல் தண்ணீர் கசிந்து இறங்கியது.

இருளப்பனுக்கு ஒரு பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இது தூர்ந்துபோன கண்மாய். பாசி மூடிக்கிடக்கிறது, மடை அடைத்திருக்கிறது, அதனால்தான் நூல் மாதிரி வருகிறது.

"இங்கேயும் வந்துட்டியா நீ" என்று பாசியைப் பார்த்துச் சொன்னார்.

ஏழு நாள் வேலை. பாசியை வெட்டி வெட்டி இழுத்துப் பாறைமேல் காயப் போட்டார். பள்ளத்தில் பாதி காலியானது. சுவரை ஒட்டித் தண்ணீர் திறந்து தெரிந்தது. எட்டாம் நாள் சுவருக்கு வெளிப்பக்கம் இறங்கி, அடியில் இருந்த ஒரு கல்லின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். மூன்றாவது நெம்பலில் கல் பெயர்ந்தது. கடப்பாரை எகிறி முழங்காலுக்குக் கீழே வெட்டியது. அதை யார் கவனித்தார்கள். கல் இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் தொடைக் கனத்துக்குப் பீறிட்டு வந்தது.

கல்தொட்டி நிறைந்து வழிந்து வாசல் நனைந்தது. கீழே பன்னிரண்டு வீட்டிலும் பாத்திரம் பண்டம் எல்லாம் நிரம்பியது. இருளப்பன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு நெஞ்சு லேசானது. இதுதான் தீட்சை என்றே நினைத்துக்கொண்டார், பாவம்.

ஏழெட்டு நாள் அப்படி வந்தது. பிறகு கைக் கனமானது. பிறகு விரல் கனம். நூலாகத்தான் ஆகும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் நூலும் விட்டு விட்டு வந்தது.

உலகம்மை திரும்பி வந்த அன்று தொட்டி பாதிகூட இல்லை. அவர் தொட்டியைப் பார்த்தார். நொண்டிக்கொண்டு வந்த இருளப்பனைப் பார்த்தார்.

"முதல்ல காலைக் காட்டுங்க."

துணிக்கட்டு புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் விட்டுப் பிரித்தார். சுற்றிச் சிவந்து சீழ் கட்டியிருந்தது. உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தார். பைக்குள் வைக்கோல் நிறத்தில், எடையே இல்லாமல் ஏதோ இருந்தது. ஒரு கைப்பிடி எடுத்துப் புண்ணின் மேல் மெத்தையாக வைத்தார்.

"என்ன அம்மா இது?"

"பஞ்சுப்பாசி."

இருளப்பன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். உலகம்மை விடவில்லை.

"புண்ணுல பாசியை வச்சா அழுகிராதா?"

"இதுல எதுவும் அழுகாது. சீழை எல்லாம் இது குடிச்சுக்கும். கீழே வீட்டுல தொட்டில் பிள்ளைக்கு அடியில இதைத்தான் போடுறாங்க." துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "எதுல அடிபட்டுச்சு?"

"கடப்பாரை. நீங்க சொன்ன வேலையைத்தான் செஞ்சேன். பாசியைப் பார்த்தேன். பாதி முடிஞ்சிருக்கு."

உலகம்மையின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

கீழ்வீட்டு நஞ்சன் அந்நேரம் காலிக் குடத்தோடு வந்தார். நாற்பது வயசுக்காரர், நாலு மாடு வைத்திருப்பவர், தோளில் எப்போதும் ஒரு மாட்டுக்கயிறு கிடக்கும்.

"அம்மா, தண்ணி வரலீங்க. இதோட நின்னுபோச்சுன்னா நாங்க மாட்டை ஓட்டிட்டுக் கீழ்நாட்டுக்கு எறங்கோணும். வைகாசிக்குத்தான் மழை. எங்க அப்பன் காலத்துலகூட இது நின்னதில்லீங்க."

மூன்று பேரும் மேலே ஏறினார்கள்.

பள்ளத்தில் வெட்டாமல் விட்டிருந்த பாசியும் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. நடுவில் தரை வெடித்திருந்தது. சுவருக்கு அடியில் மட்டும் நெஞ்சளவு குட்டை மிச்சம். அதுவும் அந்த ஓட்டை வழியே, வெளியே மண்ணை அரித்துக்கொண்டு, தொட்டிப் பக்கம் வராமல் வேறு சரிவில் போய்க்கொண்டிருந்தது.

உலகம்மை பாறைமேல் காய்ந்து கிடந்த பாசியில் ஒரு பிடி எடுத்தார். குட்டையில் அமுக்கினார். இரண்டு கையாலும் தூக்கி இருளப்பன் கையில் வைத்தார். கனத்தில் அவர் கை ஒரு சாண் இறங்கியது.

"பிழியுங்க."

பிழிந்தார். தண்ணீர் வந்தது. இன்னும் பிழிந்தார். இன்னும் வந்தது. மணிக்கட்டு, முழங்கை, வேட்டி எல்லாம் நனைந்த பிறகும் வந்துகொண்டிருந்தது.

இருளப்பன் பாறைமேல் காயப் போட்டிருந்த குவியலைத் திரும்பிப் பார்த்தார். ஏழு நாள் குவியல். அது எத்தனை குடம் என்று கண்மாய்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அம்மா, நான் பாசியை அள்ளலை" என்றார். "கண்மாயையே அள்ளிப் போட்டிருக்கேன்."



நஞ்சன் அதற்குள் வெளிப்பக்கம் இறங்கி, பெயர்ந்து கிடந்த கல்லைப் புரட்டி ஓட்டையில் வைத்து முட்டுக் கொடுத்தார். தண்ணீர் கல்லை எட்டி உதைத்துத் தள்ளியது. மறுபடி வைத்தார். மறுபடி தள்ளியது.

"விடுங்க" என்றார் இருளப்பன். "வெளியே இருந்து மடையை அடைக்க முடியாது. உள்ளே இறங்கித்தான் அடைக்கணும்."

"அப்படீங்களா?" நஞ்சன் மேலே ஏறி வந்தார். குட்டையை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கறுப்பாக இருந்தது. வெட்டுப்பட்ட பாசி நீள நீளமாக உள்ளே தொங்கியது. ஓட்டை இருந்த இடத்தில் அவை எல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தன. நஞ்சன் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.

"உங்களுக்குக் காலுல கட்டு இருக்குதுங்க அண்ணா. தண்ணி ஐஸா இருக்கும். நீங்க படுங்க, நான் பார்த்துக்கறேன்."

இருளப்பன் அப்படியே நின்றார். அவர் கை நடுங்கியதை மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள்.

பிறகு அவர் நஞ்சனின் சட்டையை வாங்கி, அவர் தோளிலேயே திரும்பப் போட்டார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றார்.

"காய்ச்சல்னு நான் சொல்லலீங்களே."

"அந்தக் கல்லை மேலே தூக்கியாந்து கயித்துல கட்டி மெதுவா இறக்குங்க. நான் உள்ளே இருந்து வாங்கிக்கிறேன்."

இறங்கிவிட்டார்.

முதல் தடவை முங்கியவர் உடனே எழுந்து இருமினார். குளிரில் பல் அடித்துக்கொண்டது. இரண்டாவது தடவை முங்கியவர் வரவில்லை. நஞ்சன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார். கரையில் நின்ற உலகம்மை கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஞானமாவது ஒன்றாவது, அந்த நேரத்தில் அவர் வெறும் பயந்துபோன மனுஷி.

தலை மேலே வந்தது. தோளில், கழுத்தில் எல்லாம் பாசி. ஒருவழியாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவை முங்கினார். கயிறு ஒரு இழுப்பு இழுத்தது, பிறகு தொய்ந்தது. அடியில் கல் போய் உட்கார்ந்த அதிர்வு கரையில் நின்றவர்கள் காலில் தெரிந்தது. வெளிப்பக்கம் ஓட்டம் பாதிக்குமேல் அடங்கியது.

இருளப்பன் மேலே வந்து கையை நீட்டினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பாசி கொடுங்க."

உலகம்மை கொடுத்தார்.

"இன்னும்."

கல்லைச் சுற்றி இடுக்கெல்லாம் பாசியைத் திணித்துத் திணித்து அடைத்தார். ஊரில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பதை இங்கே பாசியை வைத்து அடைத்தார். தொட்டிப் பக்கமாக விரல் நுழைகிற அளவுக்கு ஒரே ஓர் இடுக்கை மட்டும் விட்டார்.

"அதை ஏனுங்க விட்டுட்டீங்க?" என்று நஞ்சன் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத் தண்ணி வேண்டாமா?"

மறுநாள் முதல் வேறு வேலை. காய்ந்த பாசியை ஒவ்வொரு பாளமாகத் தூக்கி வந்து வெட்டிய இடத்திலேயே பொருத்தினார். எந்தப் பாளம் எந்த இடத்தது என்று தேடித் தேடி வைத்தார். குட்டைத் தண்ணீரை மொண்டு ஊற்றி நனைத்தார். நஞ்சன் முதல் வாரம் கூட வந்தார். பிறகு அவருக்கு மாடு இருந்தது, காடு இருந்தது. இருளப்பன் விடவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது. காலில் புண் ஆறித் தழும்பானது. தொட்டியில் தண்ணீர் பழைய நூலைவிட மெல்லிசாக, ஆனால் விடாமல் விழுந்தது. யாரும் மாட்டை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கவில்லை.

சித்திரை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பாசியில் அங்கங்கே புதுப் பச்சை தெரிகிறது என்று சொல்ல வந்தவர், சொல்லிவிட்டும் போகாமல் நின்றார்.

"அம்மா, அந்த நாள் அப்படியே கிடக்கு. போகலை."

"போய் ஒரு பிடி பாசி வேரோட எடுத்துட்டு வாங்க."

கொண்டு வந்தார்.

"எது வரைக்கும் உயிர் இருக்கு?"

இருளப்பன் விரித்துப் பார்த்தார். "நுனியில மட்டும். ரெண்டு விரல் அளவு."

"மீதி?"

"வேரே காணோம். கீழே பூராவும் செத்தது. ரொம்ப வருஷமா செத்தது."

"செத்ததைக் கிள்ளிப் போட்டுட்டு உயிரை மட்டும் தொட்டி மேட்டுல வையுங்க."

பச்சை நுனிகளை எல்லாம் கிள்ளி வெயிலில் வைத்தார். கிள்ளிய மிச்சத்தை வீச மனசு வராமல் பக்கத்திலேயே வைத்தார். மாட்டுக்குத் தவிடு கரைத்தார், விறகு பிளந்தார். உச்சிவேளைக்கு உலகம்மை வந்து கூப்பிட்டார்.

பச்சை நுனி எல்லாம் வெளுத்துச் சுருண்டிருந்தது. தொட்டதும் உதிர்ந்தது.

"அந்த மிச்சத்தை எடுங்க" என்றார் உலகம்மை.

இருளப்பன் செத்த பாசியைக் கையில் எடுத்தார். அமுக்கினார். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ரெண்டாவது தடவை முங்கினப்போ பாசி காலைச் சுத்திக்கிச்சு அம்மா. தம்பிக்குச் சுத்தின மாதிரியே."

"ம்."

"அவன் உதறியிருப்பான். உதறினா இறுகும். பதினொரு வருஷமா அந்த நாளைத்தானே உருப்போட்டுக்கிட்டு இருக்கேன். அவன் காலை எப்படி வச்சிருப்பான், எந்தப் பக்கம் திரும்பியிருப்பான், எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால நான் உதறலை. காலைத் தளர விட்டுட்டு அசையாம இருந்தேன். அதுவா நழுவிருச்சு."

தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

இருளப்பன் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செத்த பாசியைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இனி நான் என்ன செய்யணும்?"

"பாசியைப் பாருங்க."

அவர் எழுந்தார். பழக்கத்தில் கை சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டி, கடப்பாரைப் பக்கம் போனது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, வெட்கப்பட்டவராக வெறுங்கையோடு படியேறப் போனார்.

"அதையும் எடுத்துக்குங்க" என்றார் உலகம்மை. "கல்லு ஆடிச்சுன்னா உள்ளே இருந்து அடைக்கத் தெரிஞ்ச ஆளு இந்த மலையில வேற யாரு இருக்கா?"